21ஆம் வாரம், குழந்தையின் இதயத்தில் பெரிய குறை இருக்கலாம் என்கிறார்கள். ஃபீட்டல் எக்கோவுக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

மழைத்துளி:

வணக்கம். முதல் குழந்தை, இப்போது 21 வாரம். நேற்று அனாமலி ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் செய்தவர் தலை, முதுகெலும்பு, கை, கால் என்று திரையில் காட்டிக்கொண்டே வந்தார், நாங்களும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், இதயத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னார், அப்புறம் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுப் போனது.

ரிப்போர்ட்டில் இருப்பது இதுதான்: நான்கு அறைகளும் சரியாகத் தெரிகின்றன, ஆனால் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய இரத்தக்குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்காமல் பக்கம் பக்கமாக நேரே போகின்றன, இடம் மாறி அமைந்திருக்கலாம் என்று சந்தேகம். குழந்தைகள் இதய மருத்துவரிடம் ஃபீட்டல் எக்கோ, அதாவது வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேன், எடுக்க வெள்ளிக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. இன்னும் மூன்று நாள்.

மனதில் ஓடுவதை அப்படியே கேட்டுவிடுகிறேன். 12ஆம் வார ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார்களே, அப்போது ஏன் தெரியவில்லை? துடிப்பு நிமிடத்துக்கு 148, நன்றாக உதைக்கிறது, இதயத்தில் அவ்வளவு பெரிய கோளாறு இருந்தால் குழந்தை எப்படி இவ்வளவு தெம்பாக இருக்கும்? பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கலாம் என்று வேறு சொல்கிறார்கள், அது எதற்கு? வீட்டுப் பெரியவர் ஒருவர் "ஸ்கேன்ல நிறைய தப்பா வரும், எக்கோவுக்கெல்லாம் போகாதே, மனசுதான் கெட்டுப்போகும்" என்கிறார். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் தலைவலிக்கு இரண்டு மூன்று தடவை பாராசிட்டமால் போட்டேன், அதனால்தானோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.


தாழம்பூ:

மழைத்துளி, உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அதே விஷயத்தை ஆறு வருடத்துக்கு முன் என் ரிப்போர்ட்டிலும் எழுதியிருந்தார்கள். அந்தக் குழந்தை இப்போது பக்கத்து அறையில் பென்சிலைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கிறான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அப்போது யாராவது இப்படி ஒரு வரி சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன்.

எக்கோவுக்கு அவசியம் போங்கள். போகாமல் இருந்தால் குறை இல்லாமல் போய்விடாது, தெரியாமல்தான் போகும், இந்தக் குறையில் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. எங்களுக்கு டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். சாதாரணமாக இடது கீழறையிலிருந்து பெருந்தமனி கிளம்பி உடம்புக்குப் போகும், வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி கிளம்பும். இதில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. உடம்பிலிருந்து வரும் அசுத்த இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் திரும்பவும் உடம்புக்கே போகிறது, நுரையீரலில் சுத்தமான இரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. இரண்டு வட்டங்களும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வயிற்றுக்குள் இருக்கும்வரை ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருவதால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. பிறந்து கொடியை வெட்டிய பிறகுதான் பிரச்சினை தொடங்கும்.

அதனால் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே எல்லோரும் தயாராக இருந்தார்கள். பிறந்த உடனே தொப்புளில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய் போட்டு புரோஸ்டாகிளாண்டின் மருந்து ஆரம்பித்தார்கள், கருவில் எல்லாக் குழந்தைக்கும் இருக்கிற ஒரு இணைப்புக் குழாய் பிறந்ததும் தானாக மூடிக்கொள்ளும், அதை மூடவிடாமல் வைக்கிற மருந்து அது. அப்படியும் ஆக்சிஜன் அளவு ஏறவில்லை. மேலறைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை அவனுக்கு ரொம்பச் சின்னதாக இருந்தது, இரத்தம் கலக்க அது போதவில்லை. பிறந்து நான்கு மணி நேரத்தில் பலூன் உள்ள ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு அந்த ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். நீலமாக இருந்தவன் எங்கள் கண் முன்னாடியே நிறம் மாறினான். வேறு எங்காவது பிறந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருந்தால் அந்த நான்கு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. எட்டாம் நாள் பெரிய ஆபரேஷன், இரண்டு குழாய்களையும் வெட்டி சரியான இடத்தில் மாற்றித் தைத்தார்கள், இதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற சின்னத் தமனிகளையும் சேர்த்து இடம் மாற்றினார்கள். இன்றைக்கும் வருடம் ஒரு தடவை எக்கோவுக்குப் போகிறோம், அது வாழ்நாள் முழுக்க உண்டு.

எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) மூன்று வாரம், பிறந்த குழந்தையை ஐந்து நாள் கழித்துத்தான் மடியில் வைத்தேன், கர்ப்ப காலத்தின் பாதியை அழுதே கழித்தேன். ஆனால் அழுவதற்கும் தயாராவதற்கும் எனக்கு 18 வாரம் இருந்தது.


ஒலியலை:

நான் கரு ஸ்கேன் பார்க்கும் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் குழந்தைக்கு என்ன என்று சொல்ல முடியாது, பொதுவாகக் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பாராசிட்டமாலை இன்றைக்கே மனதிலிருந்து இறக்கி வையுங்கள். தலைவலிக்குப் போட்ட இரண்டு மாத்திரையால் இரத்தக்குழாய் இடம் மாறாது. கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் கட்டுப்படாத சர்க்கரை நோய், ருபெல்லா தொற்று, வலிப்புக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கிற சில குறிப்பிட்ட மருந்துகள், இப்படிச் சில காரணங்கள் தெரியும், ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று எதையும் காட்ட முடிவதில்லை. 100 குழந்தைகளில் கிட்டத்தட்ட ஒருவர் ஏதோ ஒரு இதயக் குறையோடு பிறக்கிறார், அதில் ஏறக்குறைய கால் பங்குதான் முதல் வருடத்துக்குள் ஆபரேஷனோ மெல்லிய குழாய் வழியாகச் செய்யும் கத்தீட்டர் சிகிச்சையோ தேவைப்படுகிற அளவுக்குப் பெரியது. எந்த ஆபத்துக் காரணியும் இல்லாத தாய்மார்களின் வயிற்றில்தான் இவர்களில் பெரும்பாலோர் வளர்கிறார்கள். ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் இதயத்தைப் பார்த்தால் போதும் என்கிற எண்ணம் தப்பானது என்று நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

12ஆம் வாரத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த வயதில் இதயம் ரொம்பச் சின்னதாக இருக்கும். கழுத்துக்குப் பின்னால் நீர் அதிகமாக இருந்தால், அதாவது 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால், இதயத்தைக் கவனித்துப் பார் என்று ஒரு எச்சரிக்கை கிடைக்கும், ஆனால் அது இயல்பாக இருந்தால் இதயமும் இயல்பு என்று பொருள் ஆகாது. 18இலிருந்து 22 வாரத்தில்தான் அமைப்பு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், இதை நான் எங்கு போனாலும் சொல்கிறேன். நான்கு அறைகளைக் காட்டும் படம் மட்டும் போதாது. குழாய்கள் இடம் மாறிய இதயத்தில் நான்கு அறைகளும் அழகாக, சமமாகத் தெரியும். அங்கேயே நிறுத்திவிட்டால் குறை தப்பிப்போகும். வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் மேலே சாய்த்து இரண்டு குழாய்களும் எந்த அறையிலிருந்து கிளம்புகின்றன, ஒன்றையொன்று கடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இன்னும் மேலே போய் மூன்று இரத்தக்குழாய்களும் மூச்சுக்குழலும் சேர்ந்து தெரிகிற படத்தையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஸ்கேன் செய்தவர் அதைப் பார்த்திருக்கிறார், சந்தேகம் வந்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டிருக்கிறார், மூன்று நாளில் எக்கோவுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் பேச்சை நிறுத்தியது உங்களைப் பயமுறுத்தியிருக்கும், ஆனால் அவர் செய்த வேலை நல்ல வேலை.

துடிப்பும் உதைப்பும் நன்றாக இருப்பது பற்றி: 110இலிருந்து 160க்குள் துடிப்பு இருந்தால் வேகம் சரி, அவ்வளவுதான், அமைப்பு சரியா என்பதற்கு அது சாட்சி இல்லை. கருவில் நுரையீரலுக்கு மிகக் குறைந்த இரத்தமே போகிறது, மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பும் இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஒரு இணைப்பும் இருப்பதால் ஒரு பக்கம் அடைபட்டாலும் இரத்தம் வேறு வழியாகப் போய்விடும். தாழம்பூ சொன்னதுபோல் பிறந்த பிறகு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில், அந்த வழிகள் மூடத் தொடங்கும்போதுதான் நிலைமை மாறும்.

முன்னாடியே தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று வீட்டுப் பெரியவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். பிரான்ஸில் குழாய்கள் இடம் மாறிய குழந்தைகளைப் பற்றி ஒரு ஆய்வு 1999இல் வெளிவந்தது. பிறந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்ட 250 குழந்தைகளில் 15 பேர் ஆபரேஷனுக்கு முன்பே இறந்துபோனார்கள், கருவிலேயே கண்டுபிடிக்கப்பட்ட 68 பேரில் ஒருவர்கூட அப்படி இறக்கவில்லை. எல்லா இதயக் குறைகளிலும் இவ்வளவு தெளிவான வித்தியாசம் வராது, இந்தக் குறையில் வருகிறது.


நீலக்கண்ணாடி:

பயப்படாதீங்க சகோதரி. எனக்கும் இப்படித்தான் 20 வாரத்தில் இதயத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று சொல்லிக் கலங்கடித்தார்கள், கடைசியில் ஒன்றுமே இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறாள். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.


ஒலியலை:

நீலக்கண்ணாடி, உங்கள் மகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் அது வேறு, இது வேறு. அந்த வெள்ளைப் புள்ளி இதயக் குறையே இல்லை, உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தசை ஸ்கேனில் பளிச்சென்று தெரிவது, நிறையக் குழந்தைகளுக்கு இருக்கும். மழைத்துளிக்குச் சொல்லியிருப்பது அமைப்பைப் பற்றிய சந்தேகம். சந்தேகம் பொய்யாகவும் போகலாம், குறிப்பாகப் பெருந்தமனி குறுகியிருக்கிறது என்கிற சந்தேகம் பிறந்த பிறகு இல்லை என்று ஆவது உண்டு. ஆனால் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு அவர் வெள்ளிக்கிழமை போகாமல் இருந்துவிடக் கூடாது.


வேர்:

நான் ஒரு அப்பா. எங்கள் கதை தலைகீழ். மூன்று ஸ்கேன் எடுத்தோம், மூன்றிலும் எல்லாம் நார்மல். குழந்தை பிறந்து இரண்டாம் நாள் சாயங்காலம் பால் குடிக்க மறுத்தாள், மூச்சு வேகமாக வாங்கினாள், பாதம் ஜில்லென்று இருந்தது. புதுக் குழந்தை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள். ஒரு நர்ஸ் மட்டும் விடாமல் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும் என்று நின்றார். கையில் 96, காலில் 84. பெருந்தமனியின் வளைவு ஓரிடத்தில் அறுந்து நின்றிருந்தது, இணைப்புக் குழாய் மூடிக்கொண்டிருந்ததால் உடம்பின் கீழ்ப்பாதிக்கு இரத்தம் நின்றுபோக ஆரம்பித்திருந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிலையில், நடு ராத்திரி, வேறு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த ஒரு ராத்திரியின் விளைவை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

ஸ்கேன் எல்லாவற்றையும் பிடிக்காது என்பதைக் கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சில குறைகளைப் பிடிப்பது கஷ்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஸ்கேன் நார்மல் என்றாலும் பிறந்து 24 மணி நேரம் கழித்து, வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் அந்தச் சின்ன விளக்கை மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்காது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. 95க்குக் கீழே இருந்தாலோ கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும், 90க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது.

மழைத்துளி, உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. என் மகளுக்கு அது கிடைக்கவில்லையே என்று இப்போதும் நினைப்பேன்.


கார்த்திகை:

இங்கே நல்லபடியாக முடிந்த கதைகளுக்கு நடுவே எழுதலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் மகனுக்கு இதயத்தின் இடது பக்கமே வளரவில்லை. ஃபீட்டல் எக்கோவில் உறுதியாகச் சொன்னார்கள். மூன்று ஆபரேஷன், பிறந்த முதல் வாரத்தில் ஒன்று, நாலு முதல் ஆறு மாதத்துக்குள் ஒன்று, இரண்டு மூன்று வயதுக்கு மேல் ஒன்று, அதெல்லாம் நடந்தாலும் இதயம் ஒரே ஒரு கீழறையோடுதான் வாழ்நாள் முழுக்க ஓட வேண்டும் என்றார்கள். அந்த வழியில் வளர்ந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் பெற்றோரிடமும் பேசினோம். எங்கள் குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறும் சேர்ந்திருந்தது. வாரக்கணக்கில் பேசி, கடைசியில் பிரசவித்து, எந்தக் கருவியும் மாட்டாமல், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். ஒன்றரை நாள் இருந்தான். முழுக்க எங்கள் கைகளில் இருந்தான்.

வேறு முடிவெடுத்தவர்களும் உண்டு, ஆபரேஷனுக்குப் போனவர்கள், கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள். யாரும் யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கடைசிவரை உதவியது ஒன்றுதான், டாக்டர் எங்களை அவசரப்படுத்தவில்லை, எந்தப் பக்கமும் தள்ளவில்லை. உங்களை யாராவது ஒரே சந்திப்பில் முடிவு சொல்லச் சொன்னால், இன்னொரு நாள் வருகிறோம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். கர்ப்பத்தை நிறுத்துவதற்குச் சட்டப்படியான கால வரம்பு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதை மட்டும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நாள் எண்ணுகிற பதற்றம் குறையும்.


மழைத்துளி:

எல்லாருடையதையும் படித்தேன். கார்த்திகை, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் எழுதியதற்கு நன்றி. வேர், உங்கள் பதிவை என் கணவர் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார், அப்புறம் வந்து தானே பெரியவரிடம் பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை போகிறோம்.

ஒலியலை, பனிக்குட நீர்ச் சோதனை பற்றி மட்டும் சொல்லுங்களேன். ஏற்கெனவே என் இரத்தத்தில் குரோமோசோம் டெஸ்ட் செய்து ஆபத்து குறைவு என்று வந்திருக்கிறது. அப்புறமும் ஏன்?


ஒலியலை:

அம்மாவின் இரத்தத்தில் செய்வது சலித்தெடுக்கும் சோதனை, ஆபத்து அதிகமா குறைவா என்று மட்டும்தான் காட்டும். டவுன் சின்ட்ரோம் போன்ற சிலவற்றுக்கு அது நன்றாக வேலை செய்யும், ஆனால் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருப்பது போன்ற கோளாறுகள் அதில் தெரியாமல் போகலாம். 22ஆம் குரோமோசோமில் அப்படி ஒரு துண்டு விடுபடுவது சில இதயக் குறைகளோடு அடிக்கடி சேர்ந்து வரும், பெருந்தமனி வளைவு அறுந்திருப்பது அதில் ஒன்று. இதயத்தின் நடுச்சுவரும் வால்வுகளும் சரியாக உருவாகாத குறை என்றால் டவுன் சின்ட்ரோம் பற்றி யோசிப்போம். குழாய்கள் இடம் மாறியது மட்டும்தான் என்றால் குரோமோசோம் கோளாறு சேர்ந்திருப்பது அரிது. அதனால் எக்கோவில் சரியான பெயர் தெரிந்த பிறகு முடிவெடுங்கள். பனிக்குட நீர்ச் சோதனையை 15 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், கருச்சிதைவு ஆபத்து உண்டு, ஆனால் 100இல் ஒன்றைவிடக் குறைவு.

வெள்ளிக்கிழமை கேட்க வேண்டியது: குறையின் பெயரை எழுதி வாங்குங்கள். மேலறைத் திறப்பு எப்படி இருக்கிறது, கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறந்த முதல் மணி நேரத்தில் என்ன செய்வார்கள், அதே இடத்தில் பலூன் சிகிச்சையும் ஆபரேஷனும் நடக்குமா, அவர்கள் வருடத்துக்கு எத்தனை இப்படிச் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. குழந்தையை இடம் மாற்றுவதற்கு உங்கள் வயிற்றைவிடப் பத்திரமான வாகனம் கிடையாது. இதயக் குறைக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம் சரிப்படும், காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுப்பதும் நல்லதல்ல. எக்கோ முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், டாக்டர் பேசாமல் பார்ப்பார், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள்.


மழைத்துளி:

போய் வந்தோம். இடம் மாறித்தான் இருக்கிறது. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இல்லை, வேறு குறை எதுவும் தெரியவில்லை, மற்ற உறுப்புகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. டாக்டர் படம் வரைந்து காட்டினார், தாழம்பூ சொன்னதைப் படித்துவிட்டுப் போனதால் அவர் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, என் கணவருக்கு நானே திரும்ப விளக்கினேன். இந்தக் குறைக்கான ஆபரேஷன் 1975இலேயே முதலில் வெற்றிகரமாக நடந்தது, இப்போது 100இல் 95க்கு மேல் பிழைக்கிறார்கள் என்றார். நீர்ச் சோதனையும் செய்துகொண்டோம், முடிவு வர வேண்டும். 28ஆம் வாரத்தில் ஒரு எக்கோ, 36க்கு மேல் மேலறைத் திறப்பை மட்டும் பார்க்க இன்னொன்று. பிரசவம் இதய ஆபரேஷன் நடக்கிற அதே ஆஸ்பத்திரியில், 37ஆம் வாரமே அதன் பக்கத்தில் வீடு பார்த்துத் தங்கிவிட வேண்டும்.

காரில் ஏறியதும் ரொம்ப நேரம் அழுதேன். நடுவில் குழந்தைக்கு விக்கல் வந்தது, வயிறு தாளம் போட்ட மாதிரி துள்ளியது, அழுகை நின்றுவிட்டது.

தாழம்பூ, ஒரு கேள்வி. குழந்தையை உடனே கொண்டுபோய்விட்டால் தாய்ப்பாலுக்கு என்ன செய்தீர்கள்?


தாழம்பூ:

பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் பிழிந்தெடுக்க ஆரம்பித்துவிடுங்கள், ராத்திரியும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதல் நாள் சில சொட்டுதான் வரும், அதையும் சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள், குழந்தையின் வாய்க்குள் பஞ்சால் தடவ அனுமதிப்பார்களா என்று நர்ஸிடம் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, நேரம், உங்கள் பெயர் எழுதி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லுங்கள், ஆபரேஷன் முடிந்து குடிக்கத் தொடங்கும்போது அது அவ்வளவும் வேண்டியிருக்கும். பால் எடுக்கும் கருவியை இப்போதே வாங்காதீர்கள், ஆஸ்பத்திரியிலேயே நல்லது இருக்கும். ஒரு மெல்லிய துணியை எடுத்துவையுங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் அதை நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு அப்புறம் துணை போகிறவரிடம் கொடுத்துக் குழந்தையின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், உங்கள் வாசம் அதில் இருக்கும்.

28ஆம் வார எக்கோ முடிந்ததும் வந்து எழுதுங்கள்.